என்எஃப்எல் சீசனின் முதல் ஐந்து வாரங்கள்: காயச் செய்திகளைப் படிப்பது எப்படி?

"ஒவ்வொரு நாளாகப் பார்க்கிறோம்" என்று ஒரு என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) கோச் சொன்னால், அதில் தகவல் எதுவும் இல்லை. அந்த வீரர் ஞாயிற்றுக்கிழமையே வரலாம், நவம்பரிலும் வரலாம். காயத்தைப் பற்றி அணி உண்மையில் என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், 53 பேர் ரோஸ்டரை (அணியின் அதிகாரபூர்வ வீரர் பட்டியலை) அது எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். பேசக் காசு வேண்டாம், ரோஸ்டரில் ஓர் இடத்துக்கு விலை உண்டு. முதல் ஐந்து வாரச் செய்திகளை இந்தக் கண்ணோடு படித்தால் தலைப்புச் செய்திகளில் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம்.

ஆகஸ்ட் கடைசி வாரம்

பயிற்சி முகாமில் ஓர் அணிக்கு 90 பேர் வரை இருக்கலாம். ஆகஸ்ட் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குள் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும் (இங்கே சொல்லும் நேரமெல்லாம் அமெரிக்கக் கிழக்கு நேரம்). முகாம் நடக்கும் நாட்களில் அதிகாரபூர்வமான காய அறிக்கை கிடையாது. வழக்கமான சீசனின் முதல் ஆட்ட வாரத்திலிருந்துதான் அது கட்டாயம். ஆகவே ஆகஸ்டில் "லேசான பிடிப்புதான்" என்று வரும் எதையும் யாரும் சரிபார்க்க முடியாது. முதல் நம்பகமான ஆதாரம் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டியல்தான். அதில் காயம் பட்டவர் எந்தப் பெட்டியில் விழுகிறார் என்று பாருங்கள்.

முதலாவது பியூபி ('உடல்ரீதியாக ஆட இயலாதவர்') பட்டியல். முகாம் தொடங்கும்போதே மருத்துவப் பரிசோதனையில் தேறாதவர்களுக்கு உரியது. பழைய காயத்திலிருந்து இன்னும் மீளாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இருப்பார்கள். ஒரே ஒரு நாள் பயிற்சியில் இறங்கிவிட்டாலும் இந்த வழி மூடிவிடும். ஒரு நட்சத்திர வீரரை முகாம் முழுக்க ஓரமாக ஓடவிட்டு, அணியோடு சேர்க்காமலே வைத்திருந்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சீசன் தொடங்கும்போதும் அந்தப் பட்டியலில் இருந்தால் முதல் 4 ஆட்டங்கள் கிடையாது. அவர் 53 பேரில் இடம் பிடிக்க மாட்டார் என்பதால் அணிக்கு இது மலிவான வழி.

இரண்டாவது என்எஃப்ஐ ('ஃபுட்பால் சாராத காயம்'). அணியின் ஆட்டத்திலோ பயிற்சியிலோ இல்லாமல் வெளியே ஏற்பட்ட காயம் அல்லது நோய். அந்தக் காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் அணிக்கு இல்லை. இங்கே ஒருவர் பெயர் வந்தால் காயத்தின் கதையையும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது இஞ்சுர்டு ரிசர்வ் (காயம் பட்டவர்களை 53-க்கு வெளியே வைக்கும் பட்டியல்), எல்லாரும் ஐஆர் என்று சொல்வது. இங்கே நாள் முக்கியம். 53 ஆகக் குறைப்பதற்கு முன்னால் ஐஆரில் போடப்பட்டவருக்குச் சீசன் பொதுவாக முடிந்தது. 2024 முதல் ஒரு விலக்கு உண்டு: குறைப்பு நாளன்றே இரண்டு பேரை மட்டும் 'திரும்பி வருவார்' என்று குறித்து ஐஆருக்கு அனுப்பலாம். மற்றவர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் முதலில் 53-க்குள் இடம் பெற்று, மறுநாள் ஐஆருக்குப் போக வேண்டும். அதனால்தான் செவ்வாய் மாலை வரும் 53 இறுதிப் பட்டியல் ஆவதில்லை. நல்ல அனுபவசாலி ஒருவரைச் செவ்வாய்க்கிழமை விடுவித்து, புதன்கிழமை காயம் பட்டவரை ஐஆருக்கு நகர்த்திவிட்டு, அதே அனுபவசாலியைத் திரும்ப எடுப்பது வழக்கமான ஏற்பாடு. "அதிர்ச்சி நீக்கம்" என்று செவ்வாய் இரவு வரும் செய்திகளுக்கு ஒரு நாள் பொறுத்திருங்கள்.

ஆகஸ்டில் 'முதுகுப் பிடிப்பு' என்று வரும் சில செய்திகள் காயத்தைவிட ஒப்பந்தத்தைப் பற்றியவை. முகாமுக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு அபராதம், ஆகவே வந்து உட்கார்ந்துகொண்டு பயிற்சி செய்யாமல் இருப்பது இப்போதைய பாணி. 2025-ல் டாலஸ் அணியின் மைக்கா பார்சன்ஸ் முகாம் முழுக்கப் பயிற்சி செய்யவில்லை, முதுகு வலி என்று சொல்லப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று கிரீன் பே அணிக்கு மாற்றப்பட்டார், முதல் வாரமே ஆடினார். முதுகில் நிஜமாகவே பிரச்சினை இருந்திருக்கலாம், ஆனால் அவர் களத்துக்கு வரும் தேதியைத் தீர்மானித்தது ஒப்பந்தம்தான்.

வாரத்தின் கால அட்டவணை

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பயிற்சி அறிக்கை வரும். வெள்ளிக்கிழமை அறிக்கையோடு ஆட்ட நிலையும் சேர்ந்து வரும். திங்கட்கிழமை ஆட்டத்துக்கு வியாழன், வெள்ளி, சனி. வியாழக்கிழமை ஆட்டத்துக்குத் திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமை ஆட்ட வாரத்தில் அணிகள் திங்களன்று பெரும்பாலும் முழுப் பயிற்சி நடத்துவதில்லை. 'நடந்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார்' என்ற மதிப்பீட்டைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் திங்கள் வரிசைக்குப் பாதி மதிப்புதான் கொடுங்கள்.

பயிற்சி நிலை மூன்று வகை. ஃபுல் என்றால் அவர் வழக்கமாகச் செய்யும் எல்லாச் சுற்றுகளையும் செய்தார். லிமிடெட் என்றால் அதில் ஒன்று குறைந்தாலும் சரி, பத்தில் ஒன்றை மட்டும் செய்தாலும் சரி, எல்லாம் அதே சொல்தான். டிஎன்பி என்றால் இறங்கவே இல்லை. லிமிடெட் என்ற பெட்டி இவ்வளவு அகலமானது என்பதை மறந்தால் தவறாகத்தான் படிப்பீர்கள். அணிகளுக்கு மிகவும் பிடித்த பெட்டியும் அதுவே.

ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று நாளின் போக்கைப் பாருங்கள். புதன் டிஎன்பி, வியாழன் லிமிடெட், வெள்ளி ஃபுல் என்றால் அவர் ஆடுவார் என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளும் லிமிடெட் என்றால் நடுநிலை. காயத்தின் வகையை வைத்து முடிவு செய்யுங்கள். புதன் ஃபுல், வியாழன் லிமிடெட், வெள்ளி டிஎன்பி என்று இறங்கிப் போனால் பயிற்சியின்போதே ஏதோ நடந்திருக்கிறது. இதைவிட மோசமான அறிகுறி இல்லை. ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) என்று வெள்ளிக்கிழமை ஒரு பெயர் புதிதாக முளைத்தால், அவர் ஞாயிறன்று ஆட மாட்டார் என்ற எண்ணத்தோடு ஆரம்பியுங்கள். புதன்கிழமை டிஎன்பிக்குப் பக்கத்தில் 'ஓய்வு' என்றோ 'காயம் தொடர்பில்லாதது' என்றோ இருந்தால் தாண்டிப் போங்கள். முப்பது வயது கடந்தவர்களுக்குப் பல அணிகள் வாராவாரம் அப்படி விடுப்பு கொடுக்கின்றன.

ஆட்ட நிலையும் மூன்றுதான். அவுட் என்றால் ஆட மாட்டார். டவுட்ஃபுல் என்றால் ஆடுவது அரிது. அதையும் அவுட் என்றே கணக்கில் கொள்ளுங்கள். க்வெஸ்சனபிள் என்றால் நிச்சயமில்லை. 2015 சீசன் வரை ப்ராபபிள் (ஆடக்கூடும்) என்று நான்காவது ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்ட பிறகு முன்பு ப்ராபபிள் ஆக இருந்திருக்கக்கூடியவர்களில் ஒரு பகுதி பட்டியலிலிருந்தே மறைந்தது, ஒரு பகுதி க்வெஸ்சனபிளுக்குள் வந்து சேர்ந்தது. ஆகவே இன்றைய க்வெஸ்சனபிள் சரிபாதி வாய்ப்பைக் குறிப்பதில்லை. பெரும்பாலோர் ஆடிவிடுகிறார்கள்.

ஆனால் எல்லாரும் அல்ல. 2024 முதல் வாரம் இதற்கு நல்ல பாடம். சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆகஸ்டிலேயே கெண்டைக்கால் காயத்தால் முகாமைத் தவறவிட்டவர். ஜெட்ஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்துக்கு முன் காயப் பட்டியலில் கெண்டைக்காலோடு அக்கிலீஸும் (குதிகால் தசைநாண்) சேர்ந்தது, நிலை க்வெஸ்சனபிள். ஆடுவார் என்பதுதான் பொதுவான பேச்சு. ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் இன்ஆக்டிவ் (அன்று ஆடாதவர்கள்) பட்டியலில் அவர் பெயர் வந்தது. மாற்றாக வந்த ஜார்டன் மேசன் 28 முறை பந்தைத் தூக்கி 147 கஜம் ஓடினார். அதே வாரக் கடைசியில் மெக்காஃப்ரி ஐஆருக்குப் போனார், திரும்பியது நவம்பரில். இதில் எச்சரிக்கை மணி க்வெஸ்சனபிள் என்ற சொல் அல்ல. ஒரு காயத்தின் பெயரோடு நாட்கள் கழித்து இன்னொரு உறுப்பு சேர்ந்ததுதான். 'கெண்டைக்கால்' என்பது 'கெண்டைக்கால்/அக்கிலீஸ்' ஆனால், அல்லது 'கணுக்கால்' என்பது 'பாதம்' ஆனால், ஸ்கேனில் புதிதாக ஏதோ தெரிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் மறைத்தால் லீக் தண்டிக்கும். 2023 அக்டோபரில் பிஜான் ராபின்சனின் உடல்நலக் குறைவைச் சரியாக அறிவிக்கவில்லை என்று அட்லாண்டா அணிக்கு 75,000 டாலரும் அதன் கோச்சுக்கு 25,000 டாலரும் அபராதம் விதிக்கப்பட்டது. கோடிகளில் புழங்கும் அணிக்கு இது பெரிய தொகை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐஆர் கணக்கு

ஒருவரை ஐஆரில் போட்டால் குறைந்தது 4 ஆட்டங்கள் வெளியே. ஒரு சீசனில் ஓர் அணி 8 முறை மட்டுமே ஐஆரிலிருந்து ஆளைத் திரும்பக் கொண்டுவரலாம். குறைப்பு நாளில் குறித்த இருவரும் இந்த எட்டில் அடக்கம். பியூபியிலிருந்து வருபவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. காயம் பட்டவரை இரண்டு மூன்று நாளில் ஐஆருக்கு அனுப்பினால், 4 ஆட்டங்களுக்கு மேல் ஆகும் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அனுப்பாமல் 53-லேயே வைத்திருந்தால், அதற்குள் வரக்கூடும் என்று அணி நம்புகிறது. 'நம்புகிறது' என்பதைக் கவனியுங்கள். அந்த நம்பிக்கை தவறலாம். 2022 முதல் ஆட்டத்தில் டாலஸின் டாக் பிரெஸ்காட்டுக்குக் கட்டைவிரல் எலும்பு முறிந்தது. நான்கு ஆட்டத்துக்குள் வருவார் என்ற எண்ணத்தில் அவரை ஐஆரில் போடவில்லை. அவர் தவறவிட்டது 5 ஆட்டங்கள். ஐஆரில் போடாத செய்தியைக் கண்டதும் அணி சொல்லும் காலத்தோடு ஓரிரு வாரம் கூட்டிக்கொள்வது நல்லது.

2025-ல் ஒரே வகைக் காயம் இரண்டு குவார்ட்டர்பேக்குகளுக்கு (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) வந்து, இரண்டு அணிகள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. முதல் வாரத்தில் பிராக் பர்டிக்குக் கால் பெருவிரல் மூட்டில் டர்ஃப் டோ எனும் சுளுக்கு. சான் பிரான்சிஸ்கோ அவரை ஐஆரில் போடவில்லை. இரண்டு ஆட்டம் விட்டு நான்காவது வாரம் ஆடினார், காயம் மோசமானது, பிறகு 11-வது வாரம் வரை வரவில்லை. இரண்டாவது வாரத்தில் சின்சினாட்டியின் ஜோ பரோவுக்கும் டர்ஃப் டோ, ஆனால் அறுவை சிகிச்சை தேவைப்பட்ட அளவு. உடனே ஐஆர். அக்டோபரில் அந்த அணி ஜோ ஃபிளாக்கோவை வேறோர் அணியிலிருந்து பேரம் பேசி வாங்கியது. பரோ நவம்பர் 27 அன்று திரும்பினார். முதல் கதையைப் பின்தொடர்ந்தவர்கள் வாராவாரம் ஏமாந்தார்கள். இரண்டாவதில் முதல் வாரத்திலேயே தெளிவு இருந்தது, மாற்று ஆளுக்கு அணி என்ன விலை கொடுத்தது என்பது அதை இன்னும் உறுதிப்படுத்தியது.

இன்னொரு கண்ணி: 4 ஆட்டம் என்பது 4 வாரம் அல்ல. ஓய்வு வாரங்கள் 5-வது வாரத்திலிருந்து தொடங்குகின்றன. இடையில் ஓர் ஓய்வு வாரம் விழுந்தால் குறைந்தபட்சமே 5 வாரம் ஆகிவிடும். அணி ஓய்வு வாரத்துக்கு முந்தைய ஆட்டத்தில் ஒருவரை அவசரப்பட்டு இறக்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

காயத்தின் பெயரிலிருந்து காலத்தை ஊகிப்பது

ஹாம்ஸ்ட்ரிங்தான் செப்டம்பரின் பெரும் தலைவலி. முகாமில் சுமை திடீரென ஏறுவதும், முழு வேக ஓட்டம் திரும்ப ஆரம்பிப்பதும் காரணம். பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவர்களுக்கும் அவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகளுக்கும் அதிகம். முதல் நிலை என்றால் 1 முதல் 3 வாரம், இரண்டாம் நிலை என்றால் 4 முதல் 8 வாரம், எலும்பிலிருந்தே பிய்ந்துவிட்டால் அறுவை சிகிச்சை, சீசன் அவ்வளவுதான். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், நேராக ஓடும்போது வலி போய்விடும். முழு வேகத்தில் திடீரென நிறுத்தித் திரும்பும்போதுதான் மறுபடி பிடிக்கும். அதனால் திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் எத்தனை ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறை) ஆடினார் என்பதைப் பாருங்கள். அறிக்கையில் பெயர் இல்லை என்பதாலேயே அவர் முழுதாக வந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

கணுக்கால் சுளுக்கு என்றால் 'ஹை' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். சாதாரணச் சுளுக்கு வெளிப்புறத் தசைநார்களில். கட்டுப்போட்டுக்கொண்டு அடுத்த வாரமே ஆடுபவர்கள் உண்டு. ஹை ஆங்கிள் சுளுக்கு கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் தசைநார்களில். பாதம் தரையில் பதிந்திருக்க, மேலே ஒருவர் விழுந்து அது வெளிப்புறமாகத் திருகும்போது வரும். 4 முதல் 6 வாரம் சாதாரணம், திரும்பிய பிறகும் வெட்டித் திரும்பும் வேகம் குறைந்தே இருக்கும். செய்தியில் 'கணுக்கால்' என்று மட்டும் இருந்தால் காயம் பட்ட காட்சியைத் திரும்பப் பாருங்கள். பாதம் உள்பக்கம் மடிந்ததா, வெளிப்பக்கம் திருகியதா என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

முழங்காலில் எம்சிஎல் (உள்பக்கத் தசைநார்) என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டாம். லேசானது ஓரிரு வாரம், நடுத்தரமானது ஒரு மாதம் அளவில். ஏசிஎல் (முன் குறுக்குத் தசைநார்) கிழிந்தது என்றால் சீசன் முடிந்தது, 9 மாதமாவது ஆகும். மெனிஸ்கஸ் (முழங்கால் குருத்தெலும்பு) செய்திதான் குழப்பும். கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்தால் 4 முதல் 6 வாரத்தில் வந்துவிடலாம், தைத்தால் பல மாதம். அறுவை சிகிச்சை அறையில் உள்ளே பார்த்த பிறகே மருத்துவர் எது என்று முடிவு செய்வதும் உண்டு. ஆகவே சிகிச்சைக்கு முன் வரும் காலக்கெடுவை நம்ப வேண்டாம்.

அக்கிலீஸ் பற்றிய பாடம் 2023 செப்டம்பர் 11-ல் இருக்கிறது. ஜெட்ஸுக்காக ஏரன் ராஜர்ஸ் தன் நான்காவது ஸ்னாப்பில் விழுந்தார். ஆட்டம் நடக்கும்போது வந்த அறிவிப்பு வெறும் கணுக்கால். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள், ரசிகர்கள் மூச்சு விட்டார்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். கிழிந்த தசைநாணை அது காட்டாது. மறுநாள் எம்ஆர்ஐ அக்கிலீஸ் அறுந்ததை உறுதி செய்தது. 'எக்ஸ்ரே நெகட்டிவ்' என்ற வரியை எலும்பு முறியவில்லை என்பதற்கு மேல் எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

தலைக்காயத்துக்குக் காலக்கெடு கிடையாது, படிகள்தான் உண்டு. மொத்தம் ஐந்து: ஓய்வோடு கூடிய லேசான நடமாட்டம், இதயத் துடிப்பை ஏற்றும் ஏரோபிக் பயிற்சி, ஆட்டம் சார்ந்த உடற்பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, கடைசியில் முழு ஆட்டப் பயிற்சி. இறுதியில் அணியைச் சாராத நரம்பியல் மருத்துவர் ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும். வியாழன்வரை டிஎன்பி என்றால் ஞாயிறு மிகவும் கடினம். வியாழன் லிமிடெட், வெள்ளி ஃபுல் என்று போய், நிலை க்வெஸ்சனபிள் என்றிருந்தால் சனிக்கிழமை ஒப்புதல் செய்தியைத் தேடுங்கள். ஞாயிறு அடிபட்டவர் நான்கே நாளில் வியாழன் ஆட்டத்துக்கு வருவார் என்று கணக்குப் போடவே வேண்டாம். 2022 செப்டம்பரில் மயாமியின் டுவா டகோவைலோவா ஒரு ஞாயிறு தள்ளாடியும் தொடர்ந்து ஆடி, அந்த வியாழக்கிழமையே மீண்டும் தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போன பிறகு விதி இறுகியது. நிலைதடுமாற்றம் தெரிந்தால் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது என்பது அதே ஆண்டு அக்டோபரில் சேர்க்கப்பட்டது. இரண்டாவது, மூன்றாவது முறை தலைக்காயம் என்றால் படிகள் அதே ஐந்தானாலும் நடை மெதுவாகும்.

சனி மாலை முதல் திங்கள் வரை

சனிக்கிழமை மாலை 4 மணி: ஞாயிறு ஆட்டத்துக்கான ரோஸ்டர் மாற்றங்களுக்குக் கெடு. பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து (53-க்கு வெளியே அணியோடு பயிற்சி செய்பவர்கள்) ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு பேரை உயர்த்தலாம். ஒரே ஆளைச் சீசனில் மூன்று முறைதான் இப்படி உயர்த்த முடியும். க்வெஸ்சனபிள் என்று சொல்லப்பட்ட ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) இருக்கும் அணி, சனிக்கிழமை இன்னொரு ரன்னிங் பேக்கை உயர்த்தினால் விடை கையில் இருக்கிறது. யாரையும் உயர்த்தவில்லை என்றால் அவர் ஆடும் வாய்ப்பு ஏறுகிறது. கோச்சின் வெள்ளிக்கிழமைப் பேட்டியைவிட இந்த ஒரு வரி நம்பகமானது.

ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு இன்ஆக்டிவ் பட்டியல். பிற்பகல் 1 மணி ஆட்டங்களுக்கு இது 11:30. ஆட்டநாளில் 48 பேர்தான் களத்துக்கு உரியவர்கள். தாக்குதல் வரிசைக்காரர்கள் 8 பேர் இல்லாவிட்டால் 47. ஆகவே இன்ஆக்டிவ் பட்டியலில் உள்ள எல்லாரும் காயம் பட்டவர்கள் அல்ல. வெள்ளி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆட்டத்தின் நடுவே 'திரும்புவது சந்தேகம்' என்று வந்தால் அறிவிப்பைவிட வீரரைக் கவனியுங்கள். களத்தோர மருத்துவப் பரிசோதனைக்கான நீலக் கூடாரத்துக்குள் போய் ஹெல்மெட்டோடு வந்தால் நல்லது. நேராக உடைமாற்றும் அறைக்குப் போய், பிறகு சாதாரண உடையில் வந்தால் முடிந்தது.

திங்களும் செவ்வாயும் எம்ஆர்ஐ நாட்கள். இந்த இரண்டு நாளில் அந்த இடத்துக்கு அணி யாரை அழைத்துச் சோதிக்கிறது என்று பாருங்கள். பிராக்டிஸ் ஸ்குவாடுக்கு ஓர் இளைஞர் என்றால் ஓரிரு வாரப் பிரச்சினை, 53-க்குள் நேராக ஓர் அனுபவசாலி என்றால் நீண்டது. முதல் வாரம் முடிந்ததும் இத்தகைய ஒப்பந்தங்கள் அதிகரிப்பதற்குச் சம்பளக் காரணமும் உண்டு. நான்கு சீசன் முடித்தவர் முதல் வார ரோஸ்டரில் இருந்தால் அவருடைய அந்த ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். இரண்டாவது வாரத்தில் எடுத்தால் அந்தச் சுமை இல்லை. ஆகவே அந்த வாரத்தில் மட்டும், புது ஆள் வந்ததாலேயே யாருக்கோ பெரிய காயம் என்று முடிவு கட்டாதீர்கள்.

5-வது வாரத்தில் முதல் தொகுதி ஐஆர், பியூபி வீரர்கள் திரும்பத் தகுதி பெறுவார்கள். 'பயிற்சிக்குத் திரும்பினார்' என்ற செய்தி அப்போதுதான் குவியும். அன்றிலிருந்து 21 நாள் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் எந்த நாளிலும் அவரை 53-க்குள் சேர்க்கலாம், சேர்க்காவிட்டால் அந்தச் சீசனில் அவர் கிடையாது. 2025-ல் ஜார்ஜ் கிட்டில் முதல் வாரம் ஹாம்ஸ்ட்ரிங்கால் ஐஆருக்குப் போனார், குறைந்தபட்சம் நான்கு என்றிருக்க 5 ஆட்டம் கழித்துத்தான் வந்தார். தகுதி பெறும் நாளை நாட்காட்டியில் குறிக்கும்போது அடுத்த மூன்று வாரத்தையும் சேர்த்தே வட்டமிடுங்கள்.